லேர்னிங் ஆப்ஜெக்ட்: 'பாடக்கூறு' என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'லேர்னிங் ஆப்ஜெக்ட்' (learning object) எனப்படும், மறுபடி மறுபடி பயன்படுத்தத் தக்க சிறு மின்பாடத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த 'கற்பொருள்' என்ற முன்மொழிவு சுருக்கமாக, சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. 'கல்' படிப்பையும் குறிக்கும், பாறையையும் குறிக்கும். முன்பின் தெரியாமல் பார்ப்பவர் கல்லால் ஆன பொருள் என்று படிக்க இடமிருக்கிறது. சரி, 'கற்றல் பொருள்' என்று பிரித்து எழுதினால்? வகுப்பில் பயன்படும் அட்டை, மணிச்சட்டம் எல்லாம் கற்றல் பொருட்கள்தானே.

சொல்லைத் தேடுமுன் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்த்துவிடுவோம். மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ (IEEE) 2002-இல் வெளியிட்ட தரநிலையின் வரையறை மிக அகலம்: கல்விக்கோ பயிற்சிக்கோ பயன்படும் எதுவும், அது மின்வடிவில் இல்லாவிட்டாலும், இதில் அடங்கிவிடும். கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் டேவிட் வைலி அதைக் குறுக்கினார்: மின்வடிவில் இருக்க வேண்டும், மறுபடி பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒளிவிலகல் பற்றி ஒரு சின்ன ஊடாட்டப் பக்கம். காற்றிலிருந்து நீருக்குள் போகும் கதிரின் கோணத்தை மாணவர் இழுத்து மாற்றலாம். 45 பாகை வைத்தால் உள்ளே சுமார் 32 பாகையாக வளைவது தெரியும். கீழே இரண்டு கேள்விகள். அவ்வளவுதான். இதை இயற்பியல் ஆசிரியர் எடுப்பார், கண்ணின் அமைப்பை நடத்துபவர் எடுப்பார், ஒளிப்படக்கலை சொல்லித்தருபவரும் எடுப்பார். ஆனால் நடுவில் 'சென்ற பாடத்தில் பார்த்ததுபோல' என்று ஒரு வரி இருந்தால் போச்சு, மூவருக்கும் உதவாது. 'படம் 3-ஐப் பார்க்க' என்பதும் அப்படித்தான்.

அதனால்தான் 'பாடத்துண்டு' வேண்டாம் என்கிறேன். துண்டு என்றால் முழுசிலிருந்து வெட்டி எடுத்தது. நீளமான காணொளியை ஐந்தாக வெட்டிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கத்துக்கு அந்தச் சொல்லே துணைபோகும். 'அலகு' நல்ல சொல், ஆனால் பாடநூல்களில் அது பல பாடங்கள் கொண்ட பெரும்பகுதிக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை 'பாடக்கூறு'. கூறு என்றால் ஒன்றின் பகுதி, ஆனால் தனியாக இனங்காணத்தக்க பகுதி. சேர்ந்து ஒன்றை ஆக்குவது என்ற பொருளும் அதில் இருக்கிறது. 'மீள்பயன்' என்று முன்னால் ஒட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. மறுபடி பயன்படாவிட்டால் அது பாடக்கூறே இல்லை.

ஒரு இலக்கணச் சிக்கல் உண்டு. ஆறு ஆற்றை என்றாவதுபோல 'பாடக்கூற்றை' என்று இரட்டிக்கும். அப்போது 'கூற்று', அதாவது சொன்னது, என்ற பொருள் குறுக்கிடும். 'பாடக்கூறுகளை', 'பாடக்கூறுகளின் களஞ்சியம்' என்று பன்மையில் எழுதினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

'பாடக்கட்டை' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1994 வாக்கில் 'லேர்னிங் ஆப்ஜெக்ட்' என்ற ஆங்கிலப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வேய்ன் ஹாட்ஜின்ஸ் லெகோ கட்டைகளை மனதில் வைத்துத்தான் பேசினார். ஆனால் எதையும் எதோடும் பொருத்தலாம் என்ற அந்த எண்ணத்தை வைலி ஏற்கவில்லை. அணுக்களைப்போலச் சில சிலவற்றோடுதான் சேரும் என்றார். அவர் சொன்ன முரணும் நினைவில் இருக்கட்டும்: சூழலோடு பின்னிச் சொன்னால் மாணவருக்கு நன்றாகப் புரியும், ஆனால் வேறு இடத்தில் பயன்படாது, சூழலை உரித்தால் எங்கும் பயன்படும், ஆனால் யாருக்கும் சுவைக்காது. மேலே சொன்ன ஒளிவிலகல் பக்கத்தில் கண்ணாடிக் குவளையைக் காட்டுவதா, வெறும் கோடுகளா என்பதிலேயே இந்தத் தகராறு வந்துவிடும். பொதுவான கூறு ஒன்று, அதைச் சுற்றி ஆசிரியர் எழுதும் முன்னுரை ஒன்று என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம், மின்பாடங்களுக்கான தரநிலையான ஸ்கார்மில் (SCORM) 'அசெட்' (asset) என்று வருகிறதே, தனிப் படம், ஒலிக்கோப்பு போன்றவை, அதற்குச் 'சொத்து' என்று போடாமல் இருப்போம். 'மூலக்கோப்பு' சரிவருமா? நிரலாளர்கள் அதை வேறு பொருளில், நிரல் எழுதிய கோப்புக்கு, ஆள்கிறார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.