கோச் போகலாம், நான் போகக்கூடாது: 2015-ல் எனக்கு நடந்தது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இப்போதெல்லாம் பசங்க வருஷத்துக்கு ஒரு யூனிவர்சிட்டி மாறுகிறார்கள், விசுவாசமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு 2015 கோடைதான் ஞாபகம் வரும்.

2014-ல் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் போனேன். டிவிஷன் ஒன்று என்கிற மேல்மட்டப் பிரிவுதான், ஆனால் பெரிய கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டி நடத்தும் யூனிவர்சிட்டிகளின் குழு) இல்லாத சின்ன யூனிவர்சிட்டி. முழு ஸ்காலர்ஷிப் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் டென்னிஸுக்கு என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுக்கு விதி போடும் அமைப்பு) அப்போது அனுமதித்தது டீமுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப், அதைக் கோச் எட்டு ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். என் பங்கு 60 சதவீதம், அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும், பிறகு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படிக்கத்தான் செய்தேன். ஆனால் நாலு வருஷமும் உன்னைப் பார்த்துக்கொள்வேன் என்று கோச் சொன்னதுதான் மனசில் நின்றது.

முதல் வருஷம் முடிந்ததும் அவர் வேறு யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல வேலை கிடைத்தது, போனார், அடுத்த சீசனே அங்கே கோர்ட் ஓரத்தில் நின்றார். புதிதாக வந்தவர் தான் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட்டிவந்தார். ஸ்காலர்ஷிப் தொடருமா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. 60 என்பது 20 ஆகியிருந்தது. மார்க் குறையவில்லை, காயம் இல்லை, ஒரு நாள் பிராக்டிஸ் தவறவில்லை. ஆட்டத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது என்று பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்கள் அந்த ஜனவரியில்தான் தங்களுக்கு விதி போட்டிருந்தன. நாங்கள் அதில் இல்லை.

சரி, வேறு இடம் பார்க்கலாம் என்றால் அப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்புகிறவர்கள் பேர் பதியும் ஆன்லைன் பட்டியல்) கிடையாது, அது 2018 அக்டோபரில்தான் வந்தது. வேறு கோச் நம்மிடம் பேசவே நம் யூனிவர்சிட்டி எழுத்தில் அனுமதி தர வேண்டும். கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் போனால் புது இடத்தில் முதல் வருஷம் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, ஆடவும் முடியாது. 20 சதவீதம்தான் பெறுவேன் என்று முடிவு செய்தவர்கள் என்னைப் போகவிடாமல் பிடித்து வைத்தது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அனுமதி மறுத்ததை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை இருந்தது, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள ஒரு கமிட்டியிடம். ஆடாமலே இங்கே படிக்கலாமே என்று அதில் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். எஃப்-1 மாணவர் விசாவில் கேம்பஸுக்கு வெளியே வேலை பார்க்க முடியாது, ஃபீஸ் எங்கிருந்து வரும் என்று சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. அனுமதி கொடுத்தார்கள், ஆனால் ஆகஸ்ட் நடுவில். அதற்குள் எல்லா டீமிலும் பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள். அப்பா கடன் வாங்கினார், நான் அங்கேயே ஆடினேன்.

2022-ல் என் அத்தை பெண் (அவளும் டென்னிஸ்) போர்ட்டலில் பேர் கொடுத்தாள். இரண்டு வேலை நாளில் ஏறிவிட்டது, யாரிடமும் கெஞ்சவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பேர் ஏறிவிட்டால் அந்த செமஸ்டரோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்த பழைய யூனிவர்சிட்டிக்கு உரிமை உண்டு, நிறுத்திவிட்டார்கள். அப்புறம் புது இடத்தில் அவள் படித்த சில கோர்ஸ்களின் கிரெடிட்டை ஏற்கவில்லை. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது டிகிரியில் 40 சதவீதம் முடித்திருந்தால்தான் ஆட முடியும் என்பதால் சம்மர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தாள்.

இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பு ஒழுங்காக இருந்தால் போதும். அது நியாயம்தான், நான் முழுசாக ஆதரிக்கிறேன். ஆனால் பலர் மாறுவதே அந்த ஒரு வருஷக் கடிதத்தால்தான் என்று நினைக்கிறேன். 2012-லிருந்து பல வருஷ ஸ்காலர்ஷிப் கொடுக்க அனுமதி இருக்கிறது, கட்டாயம்தான் இல்லை. அதனால் என்னிடம் கேட்கிற எல்லாப் பசங்களிடமும் கோச் எவ்வளவு நல்லவர் என்று பார்க்காதே, கடிதத்தில் எத்தனை வருஷம் போட்டிருக்கிறது என்று பார், குறைவாக இருந்தால் வாய்விட்டுக் கேள் என்றுதான் சொல்கிறேன். அத்தை பெண் கேட்டாள். புதுக் கடிதத்தில் இரண்டு வருஷம் என்று எழுதியிருந்த வரியை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.