காரை அணைச்சாச்சு, சாவி வெளிய வரமாட்டேங்குது

பாளையங்கோட்டையான்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2008 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். அப்பா ஓட்டினது, இப்ப மூணு வருஷமா எங்கிட்ட இருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்லலை. சொன்னா பாதிப் பேரு "முதல்ல அதை வித்துடுங்க"ன்னுதான் பதில் போடுவீங்க.

ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இருக்கும். முதல்ல சாவி உள்ள போகும்போதே கடைசியில நறநறன்னு இருந்துச்சு. அப்புறம் ஸ்டார்ட் பண்றதுக்கு ரெண்டு மூணு தடவை ஆட்ட வேண்டியதாச்சு. போன ஞாயித்துக்கிழமை திருச்செந்தூர்ல வச்சு மொத்தமா கழுத்தறுத்துடுச்சு. என்ஜின் அணைஞ்சிடுச்சு, சாவியை மட்டும் உருவ முடியலை. பின்னாடி திரும்புது, ஆனா கடைசி வரைக்கும் போகாம ஒரு நூல் முன்னாடியே நிக்குது. அம்மா அர்ச்சனைத் தட்டோட வெயில்ல நிக்கிறாங்க. சாவியோட வண்டியை விட்டுட்டுப் போகவும் பயம். கடைசில நான் காவலுக்கு உட்கார்ந்துட்டேன், மத்தவங்க போய் முருகனைப் பாத்துட்டு வந்தாங்க. எனக்குப் பன்னீர் இலை விபூதி மட்டும் வந்து சேர்ந்துச்சு.

வீட்டுக்கு வந்து ஆட்டிக்கிட்டே இருந்தேன், திடீர்னு தானா வந்துடுச்சு. இன்னைக்குக் காலையில மறுபடியும் அதே கதை. சர்வீஸ் சென்டர்ல கேட்டா, கழட்டிக்கூடப் பார்க்காம, லாக் செட்டு மொத்தமா மாத்தணும், 11,000 ரூபாய்ங்கிறாங்க. கதவு, டிக்கி எல்லாத்துக்கும் சேர்த்தாம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடச் சொன்னார். விட்டேன். ரெண்டு நாள் வெண்ணெய் மாதிரி திரும்புச்சு, மூணாம் நாள்ல இருந்து முன்னைவிட மோசம்.

மாத்தாம சரி பண்ண வழி இருக்கா?

வேகத்தடை:

டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடிங்க ப்ரோ. அஞ்சு நிமிஷ வேலை.

கோவைக் குளிர்:

எனக்கும் இப்படி நடந்தது, ஆனால் என்னுடையது ஆட்டோமேட்டிக். அதில் கியர் லீவர் 'பி'க்கு, அதாவது பார்க்கிங் நிலைக்கு, வந்துவிட்டது என்று கீழே இருக்கும் குட்டி சுவிட்ச் சொன்னால்தான் சாவியை விடும். என் பையன் அந்த இடத்தில் காபியைக் கொட்டி, சர்க்கரை காய்ந்து சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்களுக்கு இது பொருந்தாது. பின்னால் யாராவது ஆட்டோமேட்டிக்கோடு இங்கே தேடி வந்தால் பூட்டைக் குடைவதற்கு முன் லீவரைப் பார்க்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

மதுரை சாவிக்கடை:

22 வருஷமா பூட்டு சாவி வேலைதான் பாக்குறேன். தம்பி, ஒண்ணு மொதல்ல சொல்லிர்றேன், பதட்டத்துல பிளையர் வச்சு இழுத்துறாதீங்க. சாவி உடைஞ்சு பாதி உள்ள நின்னுச்சுன்னா 300 ரூவா வேலை 3,000 ஆயிரும்.

சாவி போடுற பூட்டு உருளைக்குள்ள மெல்லிசா பித்தளைத் தகடுங்க வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு துக்கடா ஸ்பிரிங். சாவியோட மேடு பள்ளம் ஒவ்வொரு தகட்டையும் அததுக்குண்டான உசரத்துல நிறுத்துனாத்தான் உருளை சுத்தும். சுத்தி 'ஆன்'க்குப் போயிருச்சுன்னா தகடுங்க மேல கீழ அசைய எடமே இருக்காது. ஓடுற வண்டியில சாவியை உருவ முடியாம இருக்கிறது அதனாலதான். திரும்ப 'லாக்'குக்கு வந்து நேரா நின்னாத்தான் தகடு அசையும், சாவி வழுக்கிக்கிட்டு வெளிய வரும். ஒரு நூல் முன்னாடி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாத்தீங்களா, வியாதியே அந்த ஒரு நூல்லதான் இருக்கு.

இனி இதைப் பாருங்க. நிறுத்தும்போது வீலை மடக்கி, டயரு கல்லுலயோ திட்டுலயோ முட்டிக்கிட்டு நின்னா ஸ்டியரிங் லாக் கம்பி நெருக்கிப் பிடிச்சுக்கும். ஒரு கையால ஸ்டியரிங்கை இடமும் வலமுமா மெதுவா அசைச்சுக்கிட்டே இன்னொரு கையால சாவியைத் திருப்புங்க. நிறைய வண்டியில கடைசிக் கட்டத்துக்குச் சாவியை உள்ள அமுக்கித்தான் திருப்பணும், இழுத்துக்கிட்டே திருப்புனா ஜென்மத்துக்கும் வராது. வீட்ல ரெண்டாவது சாவி இருந்தா அதைப் போட்டுப் பாருங்க. அது சுளுவா போய் வந்தா பூட்டுல கோளாறு இல்ல, உங்க சாவி தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

அப்புறம், சாவிக்குப் பொட்டு வைக்கிற பழக்கம் உண்டா? சிரிக்காதீங்க. ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு எங்கிட்ட இந்தக் கேஸு வந்துக்கிட்டே இருக்கும். சந்தனம் சாவி பள்ளத்துல காஞ்சு உள்ள போய் உதிரும். அது மேல எண்ணெய் விட்டீங்கன்னா தூசி, சந்தனம், குங்குமம் எல்லாம் சேந்து மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிரும். உங்க அண்ணாச்சி பண்ணி வச்ச வேலை அதான்.

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிருங்க, பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பூட்டுக்குப் பின்னாடியே கரண்ட் சுவிட்ச் இருக்கு. எலெக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர்னு சுவிட்சைச் சுத்தம் பண்ற ஸ்பிரே இருக்கு, அதை ஓட்டைக்குள்ள லேசா அடிச்சு, சாவியை உள்ள விட்டு எடுத்து, துணியில துடைச்சு, கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்க. மேல சொன்ன தம்பியோட டபிள்யூ.டி. 40 அழுக்கைக் கரைக்கிறதுக்கு ஓ.கே. அதையே எண்ணெய்னு நம்பி மாசாமாசம் அடிச்சா மறுபடி தூசிதான் பிடிக்கும். நல்லா காஞ்சப்புறம் கிராஃபைட் பவுடர் ஒரு சிட்டிகை. கிடைக்கலைன்னா பென்சில் ஊசியைச் சாவி மேல நல்லா தேய்ச்சு உள்ள விடுங்க. அள்ளிக் கொட்டிறாதீங்க, கிராஃபைட்ல கரண்ட் பாயும்.

புதுச் சாவி வெட்டணும்னா இந்தச் சாவியைக் குடுத்து வெட்டாதீங்க, தேய்மானமும் சேந்து காப்பி ஆயிரும். வண்டி வாங்கும்போது சாவியோட நம்பர் அடிச்ச சின்னத் தகடு ஒண்ணு குடுத்திருப்பாங்க, அந்த நம்பர் இருந்தா கம்பெனி அளவுலயே வெட்டலாம். சாவித் தலையில சிப் இருக்கிற வண்டின்னா சும்மா வெட்டுன சாவி சுத்தும், என்ஜின் பிடிக்காது. அதையும் கேட்டுக்கிடுங்க.

பழைய டிரைவர்:

சாவிக்கொத்தில் என்னென்ன தொங்குகிறது என்று யாரும் கேட்கவில்லையே. 2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவி, என்ஜின் நின்று, விபத்தில் ஏர்பேக்கும் விரியாமல் போனது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. சுவிட்சை மாற்றும்வரை வளையத்தில் வேறு எதையும் மாட்டாமல் வண்டிச் சாவியை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார்கள். அது சுவிட்சின் பிடிமானம் தளர்ந்த கோளாறு, உங்களுடையது பூட்டு, இரண்டும் வேறு. ஆனாலும் குண்டும் குழியுமான ரோட்டில் அரைக் கிலோ கொத்து ஆடிக்கொண்டே வந்தால் எந்தப் பூட்டு தாங்கும்?

பாளையங்கோட்டையான்:

மதுரைக்கார அண்ணே, நீங்க எங்க வீட்டுக்குள்ள கேமரா வச்சிருக்கீங்களா?

அப்பா வருஷம் தவறாம ஆயுத பூஜைக்குச் சாவியை ஸ்டியரிங் மேல சாத்தி வச்சு, சந்தனம் குங்குமம் வைப்பாங்க. அவங்க போனப்புறம் அம்மா வைக்கிறாங்க, அதுவும் தாராளமா. கிளீனர் அடிச்சுத் துடைச்சதுல முதல்ல கறுப்பா வந்துச்சு, அப்புறம் காவி நிறத்துல வந்துச்சு. ஏழாவது தடவைக்குத்தான் துணி சுத்தமாச்சு. வெள்ளைத் துணியில அந்தக் காவியைப் பார்த்துட்டு அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இந்த வருஷம் பொட்டை பானெட்டுல வச்சுக்கலாம்"னாங்க.

பென்சிலுக்குப் பையனோட டப்பாவுல கை வச்சேன். இப்ப நாலு நாளா, உள்ள அமுக்கித் திருப்பினா 'டக்'குனு கடைசிக்குப் போய் நிக்குது, சாவி வழுக்கிட்டு வருது. ஆனா ஸ்டார்ட் பண்ணும்போது லேசான ஆட்டம் இன்னும் இருக்கு. அது தேய்மானம்தான் போல. ரெண்டாவது சாவி எங்கேன்னு யாருக்கும் தெரியலை.

பழைய டிரைவர் ஐயா, கொத்தை எடை போட்டேன், 340 கிராம். வீட்டுச் சாவி ரெண்டு, மோட்டார் ரூம் சாவி, பித்தளை வேல், பாட்டில் ஓப்பனர், எதுக்குன்னே தெரியாத ஒரு திண்டுக்கல் பூட்டுச் சாவி. எல்லாத்தையும் அன்னைக்கே கழட்டிட்டேன். வண்டிச் சாவி இப்போ தனியா இருக்கு.

நம்பர் தகடு ஆர்.சி. புக்கோட பீரோவுல இருக்குன்னு அம்மா சொல்றாங்க. பீரோ சாவியும் அந்தக் கொத்துலதான் இருந்துச்சு. கழட்டி எங்க வச்சேன்னு தேடிக்கிட்டிருக்கேன்.