அனிட்டா ஓடே படம் பார்த்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பழைய ரேடியோ:
போன வாரம் ராத்திரி தூக்கம் வராம யூடியூபை உருட்டிக்கிட்டு இருந்தேன். ஜாஸ்னா சாக்ஸபோன், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பழைய கலர் வீடியோ வந்துச்சு. பட்டப்பகல், திறந்தவெளி மேடை. கறுப்பு கவுன், வெள்ளைக் கையுறை, தலையில தாம்பாளம் அகலத்துக்குத் தொப்பி, அதுல வெள்ளை இறகு. ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பினவங்க வழியில மேடை ஏறிட்ட மாதிரி ஒரு அம்மா நிக்கிறாங்க. முதல்ல டிரம் மட்டும் மெதுவா உருளுது. அதுக்கு மேல ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ பாட்டை அவசரமே இல்லாம எடுக்கிறாங்க. 1958-ல அமெரிக்காவுல நடந்த நியூபோர்ட் ஜாஸ் விழாவில பெர்ட் ஸ்டெர்ன் படம் பிடிச்சது.

யாருன்னு தேடப் போய் ‘அனிட்டா ஓடே: தி லைஃப் ஆஃப் எ ஜாஸ் சிங்கர்’ கிடைச்சுது. 2007-ல வந்த ஆவணப்படம். விடிய நாலு மணிக்கு முடிச்சேன், மறுநாள் ஆபீஸ்ல கண்ணு எரிஞ்சது தனிக் கதை. நிஜக் குடும்பப் பேரு கோல்டன் (Colton). ‘ஓடே’ வந்த கதைதான் தமாஷ். காசுக்குக் கொச்சையா ‘டோ’ன்னு சொல்வாங்களாம். நாம சின்ன வயசுல ‘க’னா போட்டு ரகசியம் பேசுவோமே, அதே மாதிரி அங்கேயும் ஒரு பிள்ளைங்க பாஷை. முதல் எழுத்தைக் கடைசிக்குத் தள்ளி ஒரு ‘ஏ’ சேர்த்தா ‘டோ’ ‘ஓடே’ ஆயிடும். நிறைய சம்பாதிக்கணும்னு வெச்சுக்கிட்ட பேரு! நீங்க எப்படிப் பார்த்தீங்க, எது மனசுல நின்னுச்சு?

மெல்லிசை டிரம்ஸ்:
நான் கச்சேரிகளுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன். படம் பூரா எனக்குத் தாளம்தான் தெரிஞ்சுது. அதே நியூபோர்ட்ல ‘டீ ஃபார் டூ’ பாடுறாங்களே, அதைப் பாருங்க. வேகம் பிடிச்சதும் வாத்தியங்களோட துண்டு துண்டா மாத்தி மாத்திப் போட்டி. அனிட்டா வாயால ஒண்ணு போட, அடுத்ததை வாத்தியக்காரங்க வாங்க. நம்ம தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் குறைச்சுக்கிட்டே வருமே, கிட்டத்தட்ட அந்தச் சுகம். டிரம்ஸ் ஜான் பூல். பல வருஷம் கூடவே வாசிச்ச ஆள்னு கண்ணை மூடிட்டுக் கேட்டாலே தெரியும். பாடகிக்குப் பின்னாடி வாசிக்கிறதுன்னா சத்தத்தைக் குறைச்சு ஒதுங்கி நிக்கணும்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. இந்த அம்மா டிரம்ஸை வம்புக்கு இழுக்கிறாங்க.

உள்நாக்கு:
என் புனைபெயரைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கும். எனக்கு ஏழு வயசுல டான்சில் ஆபரேஷன். எங்கேன்னு வேண்டாம். கை தவறி உள்நாக்கையும் சேர்த்து எடுத்துட்டாங்க. தண்ணி குடிச்சா சில நேரம் மூக்கு வழியா வரும். பாட்டு கிளாஸ்ல சேர்த்தாங்க, கார்வை, அதாவது ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது, நிக்கல, நாலாம் மாசம் நிறுத்தியாச்சு.

படத்துல அனிட்டாவுக்கும் அதே கதைன்னு வந்ததும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். சின்ன வயசுல டான்சில் எடுக்கும்போது உள்நாக்கும் போச்சு. அதனால சுரத்தைப் பிடிச்சு நிறுத்தி அசைக்க வராது. நீளமா இழுக்க வேண்டிய ஒரு சுரத்தை அவங்க நாலா, எட்டா நறுக்கிப் பாடிடுவாங்க. எல்லாரும் ‘ஸ்டைல்’னு கொண்டாடுறது அதைத்தான். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அழல. கொஞ்சம் கோபம்தான் வந்துச்சு, அந்தப் பாட்டு டீச்சர் மேல.

தம்பிக்கு அக்கா:
எல்லாரும் பாட்டைப் பத்திப் பேசுறீங்க. எங்க வீட்டுல போதையால ஒரு ஆளை இழந்திருக்கோம், அதனால எனக்கு வேற இடத்துல இடிச்சுது. ஹெராயின் பத்து வருஷத்துக்கு மேல, ஜெயில், அறுபதுகள்ல அளவு மீறிப் போட்டு உயிர் போற நிலை. படம் இதை மறைக்கலை. ஆனா எனக்கு ரொம்ப வேகமா ஓட்டிட்ட மாதிரி இருந்துச்சு. இயக்கின ரெண்டு பேர்ல ராபி கவோலினா அவங்களோட கடைசிக்கால மேனேஜர். பாசம் இருக்கத்தானே செய்யும்?

டிவி பேட்டியில பிரையண்ட் கம்பல் அவங்க பட்ட கஷ்டத்தை எல்லாம் வரிசையா அடுக்குறாரே, அதுக்கு அவங்க “அது அப்படித்தான் நடந்துச்சு, பிரையண்ட்”ங்கிற மாதிரி ஒத்தை வரியில முடிச்சுடுவாங்க. பலர் அதைப் பார்த்துக் கைதட்டுறாங்க. எங்க தம்பியும் இதே தோரணையிலதான் பேசுவான். அதனால எனக்குக் கைதட்ட வரலை.

பழைய ரேடியோ:
அக்கா, நீங்க சொன்னது நியாயம். நான் அந்த இடத்துல சிரிச்சவன். திரும்பப் போய்ப் பார்த்தேன், சிரிப்பு வரலை.

இன்னொண்ணு யாரும் சொல்லலையே. 1941, டிரம்மர் ஜீன் குரூப்பாவோட இசைக்குழு. ‘லெட் மி ஆஃப் அப்டவுன்’ல வெள்ளைக்காரப் பொண்ணு அனிட்டாவும் கறுப்பின டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் மேடையில சரிக்குச் சமமா கேலி பேசிப் பாடுறாங்க. அந்தக் கால அமெரிக்காவுல அது லேசான காரியம் இல்ல. அதோட, பாடகின்னா பளபள கவுன் போட்டு நாற்காலியில காத்திருக்கணும்ங்கிற வழக்கத்தை விட்டுட்டு, குழுவில இருந்த ஆம்பளைங்க மாதிரியே யூனிஃபார்ம் கோட்டு போட்டு நின்னாங்க. தானும் ஒரு வாத்தியம்னு நினைச்சவங்க வேற எப்படி நிப்பாங்க?

2006 நவம்பர்ல, 87 வயசுல போயிட்டாங்க. படம் வெளிவந்தப்போ அவங்க இல்ல.

உள்நாக்கு, உங்க பதிவைப் படிச்சிட்டு நேத்து அந்த ‘டீ ஃபார் டூ’வை ஸ்பீக்கர்ல போட்டேன். அடுப்படியில இருந்து அம்மா எட்டிப் பார்த்து, “யாருடா இது, மொளகா நறுக்குற மாதிரி பாடுறா?”ன்னாங்க. முடியுற வரைக்கும் கரண்டியோட அங்கேயே நின்னாங்க.