சம்பளத்தில் உப்பு இருக்கிறதா, நக்கலில் நாக்கு இருக்கிறதா?

ஏட்டோரம் கேட்கிறார்:

சொல்லாராய்ச்சி என்ற பெயரில் சுற்றிவரும் இரண்டு செய்திகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்று, சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் ‘சம்பளம்’ வந்தது என்பது. இன்னொன்று, ‘நக்கல்’ என்றால் முதலில் நாவால் நக்குவதுதான், கேலி என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பது. கூடவே ஒரு கேள்வி: பழைய நூல்களில் உப்பு, நக்கு என்று தேடினால் சம்பந்தமில்லாத வரிகளெல்லாம் வந்து விழுகின்றன. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

கழிக்கரை:

சம்பளத்தை முதலில் முடித்துவிடலாம். சம்பா + அளம் புணர்ந்தால் இடையில் வகர உடம்படுமெய் வந்து ‘சம்பாவளம்’ என்றுதான் ஆகும். அதைத் தவிர்க்கத்தான் சிலர் ‘சம்பு’ என்று ஒரு முன்பாதியைக் கொண்டுவருகிறார்கள். அடுத்து, அளம் என்பது உப்பு விளையும் இடம், உப்பு அல்ல. பேரளம், உப்பளம் எல்லாம் இடத்தைக் குறிப்பவை. ஒருவருக்கு உப்பளத்தையா கூலியாகக் கொடுப்பார்கள்? மூன்றாவது, கன்னடத்தில் சம்பள, தெலுங்கில் சம்பளமு என்று இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. வடமொழியில் ‘சம்பல’ என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு. அகராதிகள் இதை அதனோடு சேர்ப்பது சரியென்றே படுகிறது. தானியத்தை அளந்து கொடுத்த காலத்தின் தடம் வேண்டுமானால் ‘படி’யைப் பாருங்கள். படியளந்தார்கள், இன்றைக்கும் பயணப்படி, அகவிலைப்படி வாங்குகிறோம்.

லத்தீனின் சலாரியம் (சம்பளம்) உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதிலிருந்து பிறந்தது உண்மை. ரோமப் படைவீரனுக்கு உப்பையே கூலியாக அளந்து போட்டார்கள் என்பதற்கு அந்தக் காலத்து நேர்ச் சான்று கிடையாது. அந்தக் கதையைப் பார்த்துத்தான் நம்மவர்களும் தமிழில் ஒன்று கட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

உப்புக்கும் நெல்லுக்கும் உண்மையாகவே உறவு இருந்தது, ஆனால் அது பண்டமாற்று. அகநானூறு 140-இல் உமணர் (உப்பு வணிகர்) மகள் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று கூவி விற்கிறாள். ‘நேரே’ என்றால் ஈடாக. அதே பாட்டில் ‘உப்பின் கொள்ளை சாற்றி’ என்று வருவதைப் படித்துவிட்டு உப்பைக் கொள்ளையடித்தார்கள் என்று ஒரு பதிவு வந்திருந்தது. அங்கே கொள்ளை என்றால் விலை. ‘கொள்’ என்பதன் வழி வந்த சொல். விலை கூறி விற்றார்கள், அவ்வளவுதான்.

உப்புக்கு வேளாண்மைச் சொற்களையே பயன்படுத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். உப்பு ‘விளைகிறது’, பாத்திக்குப் பெயர் ‘செறு’, அதாவது வயலுக்கும் அதே பெயர். நற்றிணை 331 உப்பு விளைவிப்பவர்களை ‘உழாஅ உழவர்’ என்கிறது. ஆகவே ‘செறு’ என்று கண்டவுடன் நெல்வயல் என்று எழுதிவிட வேண்டாம், பக்கத்தில் ‘கழி’ (உப்பங்கழி) இருக்கிறதா என்று பார்க்கவும்.

நன்னூற்கட்டு:

நக்கல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தனி வினைகள் ஒன்றாகக் குழம்புகின்றன.

நக்கு (நாவால் தடவு): நக்கினான், நக்கிய, நக்கி.
நகு (சிரி): நக்கான், நக்க, நக்கு.

குறில் இணைந்து ‘கு’வில் முடியும் வினைகள் இறந்தகாலத்தில் இரட்டிக்கும். புகு – புக்கான், மிகு – மிக்க, தகு – தக்க, உகு – உக்க. நகுவும் அந்தக் கூட்டம். எனவே பழம்பாட்டில் ‘நக்கு’ என்று எச்சமாக வந்தால் அது ‘சிரித்து’. நாவால் தடவிய செயலுக்கு எச்சம் ‘நக்கி’ என்றுதான் வரும். இந்த ஒரு சோதனை போதும், பெரும்பாலான வரிகள் பிரிந்துவிடும். அண்டை மொழிகளும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன: சிரிப்புக்குக் கன்னடத்தில் நகு, நாவால் தடவுவதற்கு நெக்கு, தெலுங்கில் ‘நாகு’.

கேலி என்னும் ‘நக்கல்’ நகு பக்கம் சேர்ந்தது என்றே கொள்கிறேன். நகை, நகைப்பு, நையாண்டி என்று பொருள் வரிசை அங்கேதான் இருக்கிறது.

கழிக்கரை:

வடிவம் உதைக்கிறதே ஐயா. நகு + அல் என்றால் ‘நகல்’ ஆக வேண்டும். ‘நகல்வல்லர் அல்லார்க்கு’ என்று குறள் 999-இலேயே இருக்கிறது. ‘அல்’ விகுதி பகுதியோடு சேரும், இறந்தகால வடிவத்தோடு சேராது. அப்படிப் பார்த்தால் ‘நக்கல்’ முறையாக வருவது நக்கு + அல் என்பதிலிருந்துதான்.

நன்னூற்கட்டு:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பொருள் ஒரு பக்கம் இழுக்கிறது, வடிவம் மறுபக்கம். ஆனால் நாவால் தடவுவதற்கும் கேலிக்கும் இடையே பாலம் போடும் எடுத்துக்காட்டு ஒன்றாவது காட்டினால்தான் அந்தப் பக்கம் போக முடியும். இழிவுப் பொருள் நக்குதலுக்கு உண்டு, அது வேறு திசையில் போகிறது: நக்கிப் பிழைப்பவன், நக்குப்பொறுக்கி. அங்கே இழிவு நக்குகிறவனுக்கு. நக்கல் அடிக்கிறவனோ பிறரைத் தாழ்த்துகிறான். இன்றைய பேச்சில் ‘படம் நக்கிருச்சு’ என்றால் தோற்றுவிட்டது, அதிலும் சிரிப்பு இல்லை. ‘நகல்’ என்ற பழைய வடிவத்தின் இடத்தை அரபு வழி வந்த ‘நகல்’ (படி எடுத்தது) பிடித்துக்கொண்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நக்குதல் ஆதியில் இழிசொல்லே அல்ல. உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காகப் பகுத்தார்கள். தொல்காப்பியக் கிளவியாக்க உரைகளில் இது இலக்கண விதிக்கே எடுத்துக்காட்டு: ‘அடிசில்’ நான்குக்கும் பொதுப்பெயர், ஆகவே ‘அடிசில் அயின்றார்’ என்று பொதுவினை கொடுக்க வேண்டும், ‘அடிசில் தின்றார்’ என்றால் வழு. மருத்துவத்தில் லேகியம் என்ற பெயரே வடமொழியில் ‘நக்கத்தக்கது’. தமிழில் இளகம். மாத்திரையைப்போல விழுங்கவோ குடிநீரைப்போலக் குடிக்கவோ அல்ல, நாவில் வைத்துச் சுவைத்து இறக்க வேண்டிய மருந்து என்பது பெயரிலேயே இருக்கிறது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பழமொழியும் நக்குவதைப் பழிக்கவில்லை, கையாடலைத்தான் சொல்கிறது.

ஏட்டோரம்:

தெளிவாயிற்று, நன்றி. அப்படியானால் ‘உப்பு’ தேடலுக்கு இதுபோல ஏதாவது சோதனை உண்டா?

சந்திபிரிப்போன்:

உண்டு. தேடல் இரண்டு விதமாக ஏமாற்றும்: இல்லாத உப்பைக் காட்டும், இருக்கிற உப்பை மறைக்கும்.

முதல் வகைக்குக் குறள் 620: ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’. இதில் உப்பு இல்லை. உப்பக்கம் என்றால் முதுகுப்பக்கம், ஊழைப் புறமுதுகு காட்டச் செய்வார்கள் என்பது பொருள். வயிறு உப்புவது, பூரி உப்புவது எல்லாம் வீங்குதல் என்னும் வேறு வினை. இது உப்பினான், உப்பி என்று வினைமுற்றாகவும் எச்சமாகவும் திரியும். பண்டம் என்ற பொருளில் வரும் உப்பு அப்படித் திரியாது.

இரண்டாம் வகைதான் தொல்லை. நற்றிணை 88-இல் ‘கடல்விளை அமுதம்’, அகநானூறு 207-இல் ‘வெண்கல் அமிழ்தம்’. இரண்டும் உப்புதான், சொல்லோ வரியில் இல்லை. நற்றிணையில் அந்த அமுதம் மழையில் உருகுவதாக வருவதால் சந்தேகமே எழாது. புணர்ச்சியில் மறைவதும் உண்டு: புறநானூறு 116-இல் ‘உப்பொய் ஒழுகை’. உப்பு + ஒய் + ஒழுகை, உப்பைக் கொண்டுசெல்லும் வண்டி வரிசை. பாரியின் மகளிர் குப்பைமேல் ஏறி நின்று அந்த வண்டிகளை எண்ணுகிறார்கள். ‘உப்பு’ என்று உகர ஈற்றோடு தேடினால் இது அகப்படாது. ‘உப்’ வரை மட்டும் தேடி, வருவதைக் கையால் பிரியுங்கள். உமண், உமணர், உமட்டியர், உவர், ஒழுகை, சகடம் ஆகியவற்றையும் சேர்த்துத் தேடினால்தான் முழுமை. புறநானூறு 102-இல் உமணர் வண்டியின் அடியில் கட்டிவைத்த மாற்று அச்சுக்குச் ‘சேமவச்சு’ என்று பெயர் வருகிறது. அந்தப் பாட்டில் உப்பு என்ற சொல்லே கிடையாது, பொதுவாகப் ‘பண்டம்’ என்றுதான் இருக்கிறது.

பிறகு பொருள் விரிவு. குறள் 1328: ‘நுதல்வெயர்ப்பக் கூடலில் தோன்றிய உப்பு’. நெற்றி வியர்வையின் உப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். தொடரைப் பாருங்கள்: உப்பு தோன்றியது கூடலில், நுதலில் அல்ல. ‘ஊடிப் பெறுகுவம் கொல்லோ’ என்று அதை மீண்டும் பெற விரும்புகிறான். வியர்வையையா கேட்பான்? பரிமேலழகர் இனிமை என்றே உரை சொல்கிறார். வடமொழியிலும் லவணம் (உப்பு) என்பதிலிருந்துதான் லாவண்யம் (அழகு). சுவைக்கு அடிப்படை உப்பு, ஆகவே சுவைக்கே பெயராயிற்று. ‘உப்புச் சப்பில்லாத பேச்சு’ என்று சொல்லும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது ‘உவர்’. சுவைப்பெயராக உவர்ப்பு. வினையாக உவர்த்தல் என்றால் பழைய நூல்களில் வெறுத்தல், அருவருத்தல். ஆகவே ‘உவர்ப்பு’ கண்ட இடமெல்லாம் உப்புச்சுவை என்று எழுதக்கூடாது. பேச்சில் இப்போது ‘கரிக்குது’தான். கரிப்பு உப்பு, கார்ப்பு உறைப்பு, இரண்டையும் மாற்றி எழுதும் பிழை அச்சிலேயே கிடைக்கும்.

நன்னூற்கட்டு:

நக்கு தேடலில் இன்னொன்றும் விழும்: ‘நக்கன்’. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல்மகளிர்) 400 பேரின் பெயர்களும் ‘நக்கன்’ என்றே தொடங்கும். இது நக்குதலும் அல்ல, நகைத்தலும் அல்ல. வடமொழி ‘நக்ந’ (ஆடையற்றவன்), சிவனுக்குப் பெயர். சோழர் மெய்க்கீர்த்தியில் வரும் ‘நக்கவாரம்’ நிக்கோபார். நக்கீரர் ந + கீரர், அவரையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.