அப்பத்தா எழுத்துக்கூட்டிப் படித்த கன்னித்தீவு

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். தினத்தந்தி திருச்சியில் அச்சாகி, புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கட்டாக வந்து டீக்கடை வாசலில் விழும்போது மணி எட்டாகிவிடும். அடுத்த நிமிடமே பேப்பர் நாலாகப் பிரிந்துவிடும். ஒருவர் கையில் முதல் பக்கம், இன்னொருவர் கையில் சினிமா விளம்பரம். தினமும் வரும் படக்கதையான கன்னித்தீவு இருக்கிற தாள் யார் கையில் போகிறதோ அவரைச் சுற்றி நாங்கள் பையன்கள் நிற்போம். அவர் பெரிய செய்திகளை எல்லாம் முடித்துவிட்டுத் தாளைத் திருப்பும் வரை காத்திருப்போம்.

எனக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. சாயங்காலம் கடைக்காரர் அந்தத் தாளைத் தனியாக எடுத்து என்னிடம் கொடுப்பார். மறுநாள் காலை பஜ்ஜி மடிக்கத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டத்தான் வாங்கிப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிந்துபாத்தைத் தெரியும், லைலாவைத் தெரியும், மந்திரவாதி மூசாவை நினைத்தாலே ஆத்திரம் வரும். அத்தனை பெரிய அழகியைக் கையில் தூக்கிவைத்துக்கொள்கிற அளவுக்குச் சின்ன உருவமாக மாற்றிவிட்டானே என்று அப்படி ஒரு கோபம். அரபுக் கதையில் வரும் சிந்துபாத் ஏழு கடல் பயணம் போய்த் திரும்பியதோடு சரி. நம் ஊர் சிந்துபாத் 1960இல் புறப்பட்டவன். அப்பத்தா அவனை ஏதோ வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற சொந்தக்காரப் பையன் மாதிரிதான் விசாரிப்பார். "இன்னைக்கு அந்தப் புள்ள எங்க நிக்கிது?"

1986 வாக்கில் நான் இரண்டாம் வகுப்பு. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். படம் மூன்று இருக்கும், கீழே ஒன்றிரண்டு வரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்பத்தா அதற்காக வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் எழுந்துபோக எனக்கு மனசு வராது. அதனால் நானாகச் சேர்த்துக்கொள்வேன். பூதம் வந்தால் அதன் பல் எத்தனை நீளம், சிந்துபாத் காலையில் என்ன சாப்பிட்டான், லைலா அவனிடம் என்ன சொல்லி அழுதாள், எல்லாம் என் வாயிலிருந்து வரும். அப்பத்தா "ஐயோ" என்பார், "அப்புறம்?" என்பார். கால்மணி நேரம் ஓடிவிடும். இப்படி ஐந்து வருடம்.

1991இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். என் அத்தையே அப்போது சைக்கிள் பழகியவர்தான். ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மந்தையில் தெருவிளக்கின் கீழ் வகுப்பு நடக்கும். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். "இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே, ஒருநாள்கூட விடாமல் அப்பத்தா போனார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், நான் தாளோடு வந்தபோது அதைக் கையில் வாங்கிக்கொண்டார். தலைப்பின் மேல் விரலை வைத்தார். க, ன், னி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "தீவு" என்று முடித்தார். அப்புறம் படத்துக்குக் கீழே போனார். படத்தில் சிந்துபாத் நிற்கிறான். அதனால் 'சி' என்று தொடங்குகிற நீளமான சொல் அவன் பெயராகத்தான் இருக்கும் என்று அவருக்கே பிடிபட்டது. பாடப் புத்தகத்தில் திக்கித் திணறியவர் இங்கே படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார். கன்னித்தீவின் வாக்கியங்கள் சின்னவை. கூட்டெழுத்தில் கடினமான சொல் கிடையாது. சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் பத்திரிகையைத் தொடங்கும்போதே சாதாரண ஜனங்கள் படிக்கிற தமிழில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது அப்பத்தாவுக்கு ஐம்பது வருடம் கழித்து வந்து உதவியது.

இரண்டு வரியும் முடிந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏப்பு, இதுல ரெண்டு வரிதான இருக்கு? நீ அம்புட்டு நேரம் எதைப் படிச்ச?"

எனக்கு வயது பன்னிரண்டு. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இப்ப நான் படிச்சுட்டேன். நீ படிக்கிற மாதிரி ஒருக்கா படி" என்று தாளை என்னிடமே கொடுத்தார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். முதலில் அவர் இரண்டு வரி, அப்புறம் நான் கால்மணி நேரம்.

சித்தப்பா விஷயம் வேறு. அவர் சவுதியில் தம்மாமில் இருந்தார். சித்தி வாரம் ஒருமுறை கடிதத்துக்குள் ஏழு நாள் கன்னித்தீவைக் கத்தரித்து மடித்து வைத்து அனுப்புவார். சித்தப்பா ஊருக்கு வந்தபோது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்திருந்தார். நான் ஒரே ராத்திரியில் அத்தனையையும் உட்கார்ந்து படித்தேன். சப்பென்று இருந்தது. நேற்றைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்தி, இன்று ஒரு அடி எடுத்துவைத்து, ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற கதை அது. அடுத்தடுத்துப் படித்தால் ஒரே இடத்தில் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அங்க நான் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் எடுப்பேன்" என்றார். ஏழும் கையில் இருந்தும் ஒன்றுதான் படித்திருக்கிறார்.

கன்னித்தீவின் ருசி கதையில் இல்லை, நாளில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது. பத்து நாள் விட்டுப்போனாலும் பதினொன்றாம் நாள் உள்ளே நுழைந்துவிடலாம். அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த பீநட்ஸ் படத்தொடரையும் எனக்கு மிகவும் பிடிக்கும். சார்லஸ் சுல்ஸ் ஒரே ஆளாக 1950 அக்டோபர் முதல் 2000 பிப்ரவரி வரை 17,897 படத்துணுக்குகள் வரைந்தார். கடைசி ஞாயிறு துணுக்கு வெளிவருவதற்கு முந்தைய இரவு இறந்துபோனார். அவருக்குப் பிறகு அதை வேறு யாரும் புதிதாக வரையவில்லை. கன்னித்தீவு நேர் எதிர். இருபதாயிரம் நாட்களைத் தாண்டிவிட்டது, வரைகிறவர்கள் மாறிவிட்டார்கள், கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்துவிட்டது. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று எங்கள் டீக்கடையில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கைகளுக்கு உரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. பாட்டி கதைக்கு யார் ஆசிரியர் என்று கேட்காத மாதிரியே இதையும் எடுத்துக்கொண்டோம்.

கோர்ட் கேஸ் இழுத்தால், ரோடு வேலை முடியாமல் கிடந்தால் "கன்னித்தீவு மாதிரி போகுது" என்கிறோம். அதைக் கேட்டால் எனக்கு ஒப்பாது. கேஸ் முடியவில்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. கன்னித்தீவு முடியவில்லையே என்று அப்பத்தா ஒருநாளும் ஏங்கியதில்லை. முடிந்துவிடுமோ என்றுதான் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறார்.

போன மாதம் கீரனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். ஒருவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது, கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொருவர் பேப்பரை முகத்துக்குக் கிட்டே பிடித்து, சாவுச் செய்தி, நெல் விலை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கன்னித்தீவுக்கு வந்தார். முதலில் படத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொன்னார். வாள் எந்தக் கையில் இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு வரிகளைப் படித்தார்.

கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அம்புட்டுதானா?" என்றார்.

"அம்புட்டுதான். மிச்சம் நாளைக்கு" என்று அவர் பேப்பரை மடித்தார்.