டிராப் சி-யில் ரிதம் குழம்புது: கிட்டார் பிரிட்ஜுக்கு எந்த பிக்கப்?

ஆறுகம்பி:
எலெக்ட்ரிக் கிட்டார்: மகாகனி பாடி, 24.75 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), 10-52 கம்பி செட் (எண் கூடினா கம்பி தடிப்பு), டிராப் சி ட்யூனிங் (ஆறாவது கம்பியை சி வரைக்கும் இறக்கினது). ஹை கெயின் ட்யூப் ஆம்ப். ஆறாவது கம்பியில வேகமா பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பியை லேசா அமுக்கி) அடிச்சா ஒவ்வொரு அடியும் தனியா விழல, கொழகொழன்னு ஒட்டிக்குது. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பா (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) ஈஎம்ஜி 81 போடலாமா, சீமோர் டங்கன் டிஸ்டார்ஷனா? அவுட்புட் அதிகமா இருந்தா போதுமா?

சாலிடர்புகை:
அவுட்புட்டைத் தேடிப் போகாதீங்க. சுருளோட மின்தடையைப் பாருங்க: டங்கனோட இன்னொரு பிக்கப் ஜேபி 16.4 கிலோ ஓம், டிஸ்டார்ஷன் 16.6. கிட்டத்தட்ட ஒரே எண்தான். ஆனா ஜேபியில அல்னிகோ 5 காந்தம், டிஸ்டார்ஷன்ல செராமிக். செராமிக்ல அடி டக்குனு விழும், பாஸ் இறுக்கமா நிக்கும். உங்க பிரச்சினை ஆம்ப் உள்ளே போற பாஸ். கெயினுக்கு முன்னாடி பாஸ் நிறைய போனா குழம்பத்தான் செய்யும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி செலவில்லாத வேலை ஒண்ணு: கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடிச்சு, கம்பிக்கும் போல் பீஸுக்கும் (பிக்கப் மேல தெரியற உலோகத் துண்டு) இடைவெளி பாருங்க. தடிச்ச கம்பிப் பக்கம் 2.5 மி.மீ., மெல்லிசுப் பக்கம் 2. அப்புறம் 52 இந்த ஸ்கேல்ல டிராப் சி-க்குத் தொளதொளன்னு இருக்கும், 56 போடுங்க. நட் (கழுத்து மேல்முனையில கம்பி உட்கார்ற துண்டு) பள்ளத்துல கம்பி சிக்கினா லேசா அரம் போடணும். ஆம்புக்கு முன்னாடி பாஸைக் குறைச்சு அனுப்பற ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. இது பாதிக் குழப்பத்தைத் தீர்த்துடும்.

பாம்மியூட்:
மேலே சொன்னதுக்கு அப்புறமும் மாத்தணும்னா: நெக் பக்கம் பாசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப் அப்படியே இருக்கப்போகுதுன்னா டிஸ்டார்ஷன்தான். ஈஎம்ஜி 81 பேட்டரியில ஓடற ஆக்டிவ் பிக்கப், அதுக்கு 25 கிலோ ஓம் பாட் (வால்யூம் குமிழ்) வேணும். பழைய 500 கிலோ பாட்டையே விட்டா வால்யூம் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் மாதிரி ஆயிடும். 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம் வேணும், ஸ்டீரியோ ஜாக் வேணும். கேபிளைப் பிடுங்காம விட்டா பேட்டரி தீர்ந்துடும். தீரும்போது பலமா அடிச்ச நோட்டெல்லாம் கரகரன்னு உடையும், ஆம்பைச் சந்தேகப்படாதீங்க.

டங்கன் வயரிங்: கறுப்பு ஹாட் (சிக்னல் போற வயர்), பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட், சிவப்பையும் வெள்ளையையும் ஒண்ணாச் சேர்த்து டேப். டிமார்சியோல சிவப்புதான் ஹாட், இதுல நிறைய பேர் ஏமாறுவாங்க. ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது சவசவன்னு இருந்தா ஒண்ணோட ஃபேஸ் (அலையோட திசை) மாறியிருக்கு. கறுப்பையும் பச்சையையும் இடம் மாத்துங்க, வெறுங்கம்பி மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

ஆறுகம்பி:
கெயின் ஏத்தினா கம்பியைப் பிடிச்சாலும் கீச்சுன்னு கத்துதே, அதுவும் பிக்கப்பா?

சாலிடர்புகை:
கிட்டார் வால்யூமைப் பூஜ்யம் ஆக்குங்க. சத்தம் நின்னா பிக்கப் பக்கம்தான், நிக்கலன்னா பெடல் இல்ல ஆம்ப். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிளாஸ்டிக் பிடியால பிக்கப்பைத் தட்டுங்க. லேசா கேட்கறது சகஜம். மைக்கைத் தட்டின மாதிரி டொக் டொக்குன்னு பெருசா வந்தா சுருள் உள்ளே மெழுகு சரியா இறங்கல, அது அதிர்ந்துதான் கத்துது.