பழைய ட்ரிப் போட்டோவுக்கு தேதி, இடம் எப்படி நிரூபிக்கிறது?

ஃபிரண்ட்ஸ், சால்ட் லேக் சிட்டில இருக்கேன், வண்டி 2014 ஜீப் ராங்ளர். யூட்டால மோஆப் பக்கத்துல லேபிரிந்த் ரிம்ஸ் – ஜெமினி பிரிட்ஜஸ் ஏரியால 2023 செப்டம்பர்ல 317 மைல் ரூட்டை வண்டிக்கு மூடிட்டாங்கல்ல, அதுல ஒண்ணு நாங்க வருஷா வருஷம் போனது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவால நடக்க முடியாது, ஜீப்ல போய்தான் அந்த பள்ளத்தாக்கு விளிம்புல ஃபோல்டிங் சேர் போட்டு உக்காந்து கீழ கிரீன் ரிவர் வளைஞ்சு போறத பாத்தாரு, கையில இருந்த டீ ஆறிப்போச்சு, அவர் ஒரு வார்த்தை பேசல.

மூடினத எதிர்த்து நிக்கிற வக்கீலுக்கு டிக்ளரேஷன் (உண்மைன்னு உறுதி சொல்லி கையெழுத்து போடுற வாக்குமூலம்) எழுதித் தரேன்னு சொல்லிருக்கேன். "என்னைக்காவது போவேன்"னு எழுதினா கோர்ட்ல நிக்காது, 1992லயே லூஹான் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, எந்த ரூட், எப்ப போனோம், மறுபடி எப்ப போறதா இருக்கோம்னு குறிப்பா காட்டணும்.

சிக்கல் என்னன்னா 2018ல இருந்து 2022 வரைக்கும் எடுத்த போட்டோ இருந்த போன் செத்துப்போச்சு. கைல இருக்கிறது வாட்ஸ்அப்ல அனுப்பின காப்பி மட்டும்தான், அதுல லொகேஷனும் இல்ல எடுத்த தேதியும் இல்ல. ரெண்டு ரிப்பேர் கடைல காட்டிட்டேன், போர்டே போச்சுங்கறாங்க. கூகுள் பேக்கப் ஆன் பண்ணவே இல்ல, டேஷ்கேம் கார்டுல பழசு மேலயே புதுசு பதிஞ்சிருக்கு. மோஆப்ல பெட்ரோல் போட்ட கார்டு ஸ்டேட்மென்ட் மட்டும் எல்லா வருஷமும் கிடைச்சிருக்கு. அடுத்த வெள்ளிக்குள்ள டிராஃப்ட் குடுக்கணும்.

இந்த மாதிரி கேஸ்ல டிக்ளரேஷன் குடுத்தவங்க யாராவது, போட்டோவோட தேதியும் இடமும் வேற எதை வெச்சு காட்டினீங்க?